எதிரே இருக்கிறவள்

பேர்கன், நோர்வே
2023 பெப்ரவரி 6

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் மகள் றிப்னாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை, மழையைத் தவிர. இந்த ஊரில் குடையைக் காய வைக்கவும் இடைவெளி கிடைப்பதில்லை.

நீ போன் எடுப்பதே இல்லை. எடுத்தால் றிப்னாதான். "உம்மா தொழுறா சாச்சி", "உம்மா குளிக்கிறா சாச்சி", "உம்மா இப்பதான் கண்ணயர்ந்த சாச்சி". ஒரு மனுசி இவ்வளவு தொழுது, இவ்வளவு குளித்து, இவ்வளவு தூங்கினால் வீட்டில் சோறு ஆக்குகிறது யார்? எழுதினால் பதில் போடுவாய் என்று நீ சொன்னதாகச் சொன்னாள். சரி, எழுதுகிறேன். அவள் போனில் காட்டும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக வாசி.

விசயம் அவசரம். என் புத்தகத்தை நீ அலுமாரியில் பட்டுச்சேலைக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறாய். வாசித்திருக்க மாட்டாய். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூற்றேழில் நான் பேராதனைக் கம்பஸிலிருந்து டேப் றெக்கோடரோடு வந்து, கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கலியாண வீட்டுக் கவி படிக்கும் பெண்களைப் பதிந்தேன் அல்லவா? எல்லாரும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். நீ எல்லாரையும்விட நீளமாக நிறுத்தினாய்.

வெள்ளம் வடிஞ்சிட்டு
வெளி வட்டை காஞ்சிட்டு
உள்ளம் வடியல்லியே
ஒருக்கா நீ வருவியாகா

என்று கேட்டுவிட்டு, ஒரு மௌனம். பிறகு தணிந்த குரலில் "வாறன்". அந்த மௌனத்துக்குத்தான் நான் இடைமூச்சு என்று பெயர் வைத்தேன். எங்கள் பெண்கள் தங்கள் சந்தேகத்தைச் சொல்லில் வைக்கவில்லை, மௌனத்தில் வைத்தார்கள் என்று எழுதினேன். என் கலாநிதிப் பட்டமும் இந்தப் பேராசிரியர் கதிரையும் அதில்தான் நிற்கின்றன. ஜப்பானில் ஒரு பிள்ளை அதை வைத்து ஆய்வு செய்கிறாள். பின்லாந்தில் ஒருவர் அந்த மௌனத்தைப் போட்டுச் சேர்ந்திசை எழுதியிருக்கிறார். மேடை நிறைய ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க, சனம் டிக்கெட் எடுத்துக் கேட்கிறது.

இப்போது ஒருவன் கிளம்பியிருக்கிறான். டெனிஸ்ரன் என்று பெயர். வேறெங்கும் இல்லை, நம் கல்முனை மெதடிஸ்த கோயிலடிப் பொடியன். லண்டனில் ஆய்வு செய்கிறான். ஏதோ ஒரு கலியாண வீட்டில் யாரோ சும்மா பதிந்த பழைய கசற் அவன் கையில் அகப்பட்டிருக்கிறது. ஒரே சத்தம், சிரிப்பு, பீங்கான் உருளுகிறது. அதில் இடைமூச்சு இல்லையாம். லைலாவின் பதிவுகளில் மட்டும்தான் இடைமூச்சு இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். மட்டும்! நான் என்ன, உங்களுக்கெல்லாம் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தேனா?

செப்டெம்பர் மாநாட்டில் அவனும் நானும் ஒரே மேடையில் பேச வேண்டும். நீ அந்தக் கவியை இன்னொரு தரம் படித்து அனுப்பு. போனில் போதும். இத்தனை வருசம் கழித்தும் நீ தானாக அந்த இடத்தில் நிறுத்துவாய், எனக்குத் தெரியும். அதைப் போட்டுக் காட்டினால் அவன் கதை முடிந்தது. ஒரு நிமிச வேலை ராத்தா.

மச்சானுக்கு என் ஸலாம்.

அன்புத் தங்கை,
சித்தி லைலா

---

கல்முனைக்குடி
2023 பெப்ரவரி 27

அன்புத் தங்கச்சி லைலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கண்டேன். இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீ கம்பளிச் சட்டை போடாமல் மழையில் திரிவாய். அந்தப் பழக்கத்தை விடு.

வரிப்பத்தான்சேனை வயலில் வெட்டுக் காலம் முடியப் போகிறது. மெசின் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று உன் மச்சான் வட்டையிலேயே குடியிருக்கிறார். நெல் கதிரோடு சாய்ந்துவிட்டது, மனுசன் அதைவிடச் சாய்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்தாலும் முன்போல் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. சண்டை பிடிக்க இரண்டு பேர் வேண்டுமே.

நல்ல செய்தி ஒன்று. றிப்னாவுக்குச் சம்மாந்துறையில் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பெயர் ஸப்ரி. நீர்ப்பாசன இலாகாவில் வேலை. பார்வைக்குக் குறை இல்லை, கொஞ்சம் அதிகம் சிரிக்கிறான். அவளைக் கரைசேர்த்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் கலியாணம் ஆகாமல் மிச்சமிருக்கிற ஒரே குமர் நீதான். உனக்கும் ஏதாவது வந்தால் சொல்கிறேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அலுமாரியை மூன்று தரம் அடுக்கிவிட்டேன். றிப்னாவைக் கூப்பிடுவதென்றால் கரண்டியால் சட்டியில் ஒரு தட்டு. ஓடி வருகிறாள். முப்பது வருசம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினேனே, இந்தச் சட்டியின் அருமை அப்போது தெரியவில்லை.

கவி படித்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அது ஏலாது. வேறு ஏதும் கேள். தொட்டுச் சாப்பிடக் கித்துள் பாணி அனுப்பவா?

துஆவுடன்,
ராத்தா சபியா உம்மா

---

பேர்கன்
2023 மார்ச் 2

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். றிப்னாவின் செய்தி கேட்டுச் சந்தோசம். அதிகம் சிரிக்கிறவனை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, இந்தக் காலத்தில் அது கிடைப்பதே பெரிய காரியம். நான் சுகம். கித்துள் பாணி வேண்டாம்.

"அது ஏலாது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். ஏன்? யாராவது பள்ளிவாசல் பயானில் சொன்னார்களா, பெண்ணின் குரல் வெளியே போகக்கூடாது என்று? போன் எடுக்காததும் அதனால்தானா? என்னோடு கதைப்பதில் என்ன இருக்கிறது, நான் உன் கூடப்பிறந்தவள்.

பயப்படாதே. உன் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை. புத்தகத்தில் நீ பாடகி மூன்று. உலகத்தில் பாதிப் பல்கலைக்கழகத்தில் உன் குரல் இருக்கிறது, அது நீ என்று ஒருவருக்கும் தெரியாது. இனியும் தெரியாது. ஆய்வுக்காரர்கள் மட்டும் கேட்பார்கள். வேண்டுமென்றால் கேட்டதும் அழித்துவிடுகிறேன்.

நான் நேற்றிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். கீழ்வீட்டு மனுசி வந்து, "சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நோன்புக்கு முன் ஒரு பதில் போடு.

தங்கை,
லைலா

---

கல்முனைக்குடி
2023 ஏப்ரல் 26

அன்புத் தங்கச்சிக்கு,

பெருநாள் முபாரக். நோன்பெல்லாம் நல்லபடியாகக் கழிந்தது. நீ அந்தக் குளிரில் நோன்பு பிடித்தாயா, என்ன சாப்பிட்டுத் திறந்தாய் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். நோன்புக்கு முன் பதில் போடச் சொன்னாய். போடவில்லை, மன்னித்துக்கொள்.

குரல் வெளியே போகக்கூடாது என்று யாரோ சொன்னதால்தானா என்று கேட்டிருந்தாய். அப்படியே வைத்துக்கொள்.

பெருநாளுக்கு மறுநாள் உன் டெனிஸ்ரன் வந்தான். லீவில் வந்தானாம், ஒரு பெட்டி கேக்கோடு. நல்ல மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வந்தான். றிப்னா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொடுத்தாள். உன் மச்சானோடுதான் கதைத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு பக்கமாகக் கதவோரம் இருந்தேன்.

பாடகி மூன்று யார் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். "ரீச்சர், நீங்க கவி படிக்கக்குள்ள ஒங்களுக்கு எதிரே யாரு இருந்த?" என்று கேட்டான். உன் மச்சான், "எங்களுக்கென்ன தெரியும் தம்பி, அது பொம்பிளையள்ற அறை" என்றார். நான் வட்டிலப்பக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் வாயே திறக்கவில்லை லைலா. உனக்கு அது போதாதா?

கலியாணம் டிசம்பரில் வைக்கலாம் என்று பேச்சு. உடம்பைப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
ராத்தா

---

பேர்கன்
2023 மே 1

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அவனை வீட்டுக்குள் விட்டாயா? வட்டிலப்பமும் கொடுத்தாயா? எனக்கு ஒரு நிமிசக் குரல் இல்லை, அவனுக்குப் பெருநாள் விருந்து!

எதிரே யார் இருந்தது என்று கேட்கிறானா? நான்தான் இருந்தேன். வேறு யார் இருப்பார்கள்? கலியாண வீட்டுச் சத்தத்துக்குள் பதிந்தால் ஒன்றும் விளங்காது என்றுதானே ஒவ்வொருத்தியாக உள்ளறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, சேவலைக் கூடையால் மூடிவிட்டுப் பதிந்தேன். காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மெசினில் சத்தம் காட்டும் ஊசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, இருமல் வந்தால் முக்காட்டுத் துணியைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட அந்த டேப்பில் இல்லை. அவ்வளவு சுத்தமான பதிவு இந்தத் துறையில் வேறு யாரிடமும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சத்தக் கசற்றை வைத்துக்கொண்டு இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்.

நான் உன்னிடம் என்ன கேட்டுவிட்டேன் ராத்தா? காணியா, நகையா? ஒரு கவி. நான்கு வரி. நீ நெல் புடைத்துக்கொண்டே படிக்கிற கவி. எனக்கு இப்போது விளங்குகிறது. வீட்டில் இருந்தவளுக்கு வெளியே போனவள் மேல் எப்போதும் ஓர் எரிச்சல் இருக்கும். நான் விழுந்தால் உனக்கு ஆறுதலாக இருக்குமென்றால் இரு, பார்த்துக்கொண்டே இரு.

லைலா

---

கல்முனைக்குடி
2023 ஜூன் 19

அன்புள்ள சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இது றிப்னா. உம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் சட்டியில் தட்டமாட்டா, என் தலையில்தான் தட்டுவா.

உங்கள் கடைசிக் கடிதத்தை உம்மா வாசித்துவிட்டு போனை என்னிடம் தந்தா. அன்றைக்கு முழுக்க வளவில் நடந்துகொண்டிருந்தா. கிணற்றடிக்கும் படலைக்கும், கிணற்றடிக்கும் படலைக்கும். வாப்பா பிடித்து இருத்தினாலும் இருக்கவில்லை. பதில் போடுவா என்று இவ்வளவு நாளும் பார்த்தேன். பேனையை எடுக்கிறா, வைக்கிறா.

சாச்சி, உம்மாவால் கதைக்க முடியாது. போன ஒக்டோபரில் கொழும்பில் ஒப்பரேசன் செய்தார்கள். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துவாரம் வழியாகத்தான் மூச்சு. நோய் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், டொக்டர் பயமில்லை என்கிறார். ஆனால் சத்தம் இல்லை. இனிமேல் வராது. நான் உங்களிடம் போனில் சொன்னது எல்லாம் பொய்.

ஒப்பரேசனுக்குப் போகும் வழியில், உங்களிடம் சொல்லக்கூடாது என்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கினா. "அவள் காதால வாழுறவள். இதக் கேட்டா அவளுக்கு ஒரு வேலையும் ஓடா" என்று சொன்னா. நான் கேட்ட உம்மாவின் கடைசிக் கதைகளில் அது ஒன்று.

உங்களுக்கு உம்மா மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். எரிச்சல் என்று மட்டும் எழுதியிருக்க வேண்டாம். உங்கள் புத்தகம் பட்டுச்சேலைக்குக் கீழே இல்லை சாச்சி. உம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது.

றிப்னா

---

பேர்கன்
2023 ஜூன் 21

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படிச் சுகம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

றிப்னாவை ஏசாதே. ஏசவும் முடியாது என்று எழுதவந்து கை நின்றுவிட்டது. என் கடிதத்தைக் கிழித்துவிடு. போனில் கிழிக்க முடியாதென்றால் அவளிடம் சொல்லி அழித்துவிடு. நான் எழுதிய எந்த வரிக்கும் எனக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

போன வருசம் நோன்புப் பெருநாளுக்குக் கதைத்தபோது உன் குரல் கரகரத்தது. தடிமன் என்றாய். "இஞ்சி போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உலகம் முழுக்க என் காதைப் புகழ்கிறார்கள் ராத்தா.

இரண்டு நாளாக உன் பதிவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கேட்பதும் எழும்பி நடப்பதும்தான். வகுப்புக்குப் போகவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும், ஒளிக்காமல் சொல். அந்த நிறுத்தம். எல்லாரையும்விட நீ நீளமாக நிறுத்தினாயே, அப்போதே உனக்கு மூச்சு முட்டியதா? அப்போதே தொண்டையில் ஏதாவது இருந்ததா? நான் உன் நோயைக் கேட்டுவிட்டு அதற்கு அழகான பெயர் வைத்துவிட்டேனா? அப்படியென்றால் நான் மனுசியே இல்லை.

மாநாடு கிடக்கட்டும். டெனிஸ்ரன் வெல்லட்டும். நீ இதை மட்டும் சொல்.

உன்,
லைலா

---

கல்முனைக்குடி
2023 ஜூலை 8

என் லைலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உண்மையாகவே சுகம். கஞ்சி குடிக்கிறேன், மீன் சாப்பிடுகிறேன், வாசல் கூட்டுகிறேன். றிப்னாவை ஏசவில்லை. ஒரு முறை முறைத்துப் பார்த்தேன், அது போதும் அவளுக்கு.

உன் கடிதத்தைக் கண்டதிலிருந்து என்னாலும் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. நீ கேட்டதற்குப் பதில் ஒரு சொல்லில் இருக்கிறது. இல்லை. அந்த நேரம் எனக்கு ஒரு நோயும் இல்லை. கடற்கரையில் நின்று கூப்பிட்டால் ரோட்டுக்குக் கேட்கிற குரல் என்னுடையது. அந்தப் பாரத்தை இறக்கி வை.

ஆனால் நீ புத்தகத்தில் எழுதின காரணமும் இல்லை தங்கச்சி. இதை உனக்குச் சொல்லாமலே மவுத்தாகிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ உன்னையே இப்படிக் கொல்லும்போது என்ன செய்வது?

கவி ஒருத்தி படிப்பது இல்லை. கேட்கிறவள் ஒருத்தி, பதில் சொல்கிறவள் எதிரே இருக்கிறவள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பாயில் இருந்ததும், எங்கள் பக்கத்தில் ஒருத்தி "ஒருக்கா நீ வருவியாகா" என்று கேட்பாள். எதிரே இருக்கிறவள் "வாறன்" என்பாள். சொன்ன பிறகுதான் வெற்றிலை கை மாறும். "வாறன்" என் சொல் இல்லை. அது உன் சொல்.

உனக்கு அது தெரியாததில் பிழை இல்லை. எங்கள் தெருவில் குமர்ப்பிள்ளைகளை அந்த அறைக்குள் விடுவதில்லை. இன்னொரு வீட்டுக்கு வாறன் என்று குமரின் வாயால் வரக்கூடாது என்பார்கள். நீ கதவுக்கு வெளியே நின்றுதான் கவி கேட்டு வளர்ந்தாய். வெளியே நின்றால் எல்லாம் ஒரே குரலாகத்தான் கேட்கும். பிறகு படிக்கப் போய்விட்டாய். திரும்பி வந்து எங்களை ஒவ்வொருத்தியாகக் கூட்டிப்போய் எதிரே இருந்தாய். நாங்கள் வழக்கப்படி கேட்டோம், வழக்கப்படி நிறுத்தினோம், உன்னைப் பார்த்தோம். நீ ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு குமரிடம் "நீ சொல்லு" என்று எப்படிச் சொல்வது? படித்த பிள்ளை, மெசின் ஓடுகிறது, பாவம் என்று நாங்களே மெல்லச் சொல்லி முடித்தோம். எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே சிரிப்பு.

நான் மட்டும் ஏன் கூட நேரம் நிறுத்தினேன் என்று நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அதை வாசித்து அழுதிருக்கிறேன், அவ்வளவு அழகு. காரணம் சின்னது. நீ என் தங்கச்சி. குமரோ கிமரோ, எனக்காவது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தபோது பேப்பரில் உன் படத்தைக் கண்டு ஊரே பெருமைப்பட்டது. அதற்குப் பிறகு இதைச் சொல்ல எனக்கு என்ன விசரா? டெனிஸ்ரன் பாதி கண்டுபிடித்துவிட்டான். மீதியை நான் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். புத்தகத்தில் இருக்கிற மௌனம் இதுதான் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வைத்திருப்பதும் சொல்வதும் உன் விருப்பம். எனக்கு நீ அதே லைலாதான்.

துஆவுடன்,
ராத்தா

---

கல்முனைக்குடி
2023 ஆகஸ்ட் 30

தங்கச்சி லைலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமா என்று கேட்டு றிப்னா அனுப்பியதற்கு ஒரு பூப்படம் மட்டும் போட்டாயாம்.

சிறுபோகம் வெட்டி முடிந்தது. உன் மச்சான் வட்டையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கலியாணம் டிசம்பர் பதினைந்து வெள்ளிக்கிழமை என்று முடிவு.

நான் எழுதியது பிழையா என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது. நீ பதில் சொல்லாமல் இருக்க நான் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் இந்த முறை றிப்னாவின் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறேன்.

ராத்தா

---

பேர்கன்
2023 செப்டெம்பர் 24

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உயிரோடு இருக்கிறேன். உன்னைப் பதற வைத்ததற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தை வாசித்த அன்று முதலில் எனக்கு வந்தது ஆறுதல். உனக்கு நோய் இல்லை என்ற ஆறுதல். இரண்டாவதாக வந்ததை எழுத மாட்டேன்.

இரண்டு உரை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் டெனிஸ்ரனை மடக்கியிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் நன்றாக வந்திருந்தது. விமானத்திலும் ஹோட்டலிலும் இரண்டையும் மாறி மாறி வாசித்தேன். ஒளித்துவிடலாம், தெரிந்தவள் ஒருத்தி, அவளுக்கும் வாய் இல்லை என்றுகூட நினைத்தேன் ராத்தா. அப்படியும் நினைத்தேன்.

அவன் முதலில் பேசினான். அந்தச் சத்தக் கசற்றைப் போட்டு, "வாறன்" என்கிற இடத்தில் நிறுத்தி, "இது வேறு ஒருவரின் குரல்" என்றான். யாருடையது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான். பிறகு என் முறை. நான் இரண்டு உரையையும் மேசையில் வைத்துவிட்டு உன் பதிவைப் போட்டேன். "ஒருக்கா நீ வருவியாகா" என்று நீ கேட்டாய். மண்டபம் முழுக்க அந்த மௌனத்துக்குக் காத்திருந்தது. எனக்கு அந்த இடத்தில் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஊசியைப் பார்த்த மாதிரியே கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறையும் நீதான் சொன்னாய்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் பதிந்தது அவர்களுடைய மௌனம் அல்ல, என்னுடைய மௌனம் என்று சொன்னேன். பாடகி மூன்றின் பெயர் சபியா உம்மா, என் ராத்தா என்றும் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. ஜப்பான் பிள்ளை எழும்பி வெளியே போய்விட்டாள். பாவம், அவளுடைய நான்கு வருசம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. டெனிஸ்ரன் வெல்லவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "நான் ரெண்டாவது ஆள் யாரெண்டுதான் தேடின மேடம். அது நீங்களா இருக்குமெண்டு நெனைக்கல்ல" என்றான்.

புத்தகத்தின் மறுபதிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பின்லாந்துக்காரர், தன் சேர்ந்திசையை என்ன செய்வது என்று எழுதிக் கேட்டார். பாதிப் பேரைக் கொண்டுபோய் எதிரே நிறுத்துங்கள் என்று பதில் போட்டேன். கதிரையை யாரும் பறிக்கவில்லை. அதில் இருக்கத்தான் முடியவில்லை. எழும்புகிறேன், இருக்கிறேன், எழும்புகிறேன்.

றிப்னாவின் கலியாணத்துக்கு ஒரு சோடிக் காதுப்பூ வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் பாதுகாப்பாக வருமா என்று கேட்டுச் சொல்.

லைலா

---

கல்முனைக்குடி
2023 ஒக்டோபர் 14

என் லைலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வீட்டில் எல்லாரும் சுகம். உன் கடிதத்தை உன் மச்சானுக்கு றிப்னா சத்தமாக வாசித்துக் காட்டினாள். மனுசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். எங்களிடம் மாடே இல்லை.

என் பெயரைச் சொன்னதற்குக் கோபம் இல்லை. பாடகி மூன்று எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. முதலாவது, இரண்டாவது யார் என்று யோசித்தே பாதி வயது போய்விட்டது.

ஜப்பான் பிள்ளைக்குச் சொல், நான்கு வருசம் வீண் இல்லை என்று. ஒருத்தி இவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்பது உண்மைதானே. அதை எழுதச் சொல். என்னிடம் ஏதும் கேட்க வேண்டுமென்றால் கேட்கட்டும், எழுதித் தருகிறேன்.

காதுப்பூ தபாலில் வந்தால் பாதுகாப்பு இல்லை. இங்கே விசாரித்துவிட்டேன். கையில் கொண்டுவந்தால்தான் உண்டாம்.

நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். மண்டபம் எழுதினாய், விமானம் எழுதினாய், பின்லாந்து எழுதினாய். வருவாயா மாட்டாயா என்று எழுதவில்லை. குரல் இல்லாத என்னைப் பார்க்கப் பயப்படுகிறாய், அதுதானே? நானும் முதல் மாதம் கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருந்தேன். பழகிவிடும்.

கலியாண வீட்டில் எங்கள் பக்கத்துக்குக் கவி கேட்க நான்தான் மூத்தவள். டெனிஸ்ரன் ஒரு பெரிய ஸ்பீக்கர் கொண்டுவருகிறானாம். நீ பதிந்த என் குரலைப் பெண்கள் அறைக்குள் போட்டுவிட்டு அவன் வெளியே போய் நிற்பான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் றிப்னா சொல்லிவிட்டாள், இந்த ஒரு கவிக்கு மட்டும் எதிரே வேறு ஆள் இருக்கும் என்று. பாயைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். அவள் குமராச்சே என்று யாராவது வாய் திறந்தால், அம்பதை எட்டிப் பிடிக்கிறவள் என்ன குமர் என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவேன்.

டேப்பில் இருக்கிறது பழைய கவி. இது உனக்கு மட்டும், நேற்று வாசல் கூட்டும்போது வந்தது:

முல்லைப்பூ கட்டிட்டன்
முன்வாசல் கூட்டிட்டன்
சொல்லத்தான் குரலில்ல
ஒருக்கா நீ வருவியாகா

---

பேர்கன்
2023 ஒக்டோபர் 14

வாறன்.